திங்கட்கிழமைச் சத்தியப்பிரமாணம்

"அரியம் இனி அந்த நாட்டுக்காரன்தானே!"

போன வெள்ளிக்கிழமைப் பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது வரதராஜா சிரித்துக்கொண்டு சொன்ன வசனம் அது. சொன்னவர் மறந்திருப்பார். கேட்ட சந்திரவதனா அந்தக் கிழமை முழுவதும் மறக்கவில்லை. வார்டில் ஊசி போடும்போதும், ரயிலில் நிற்கும்போதும், சோறு வடிக்கும்போதும் அது அவளோடு கூடவே வந்தது.

அரியம் என்கிற அரியரத்தினம் அவளுடைய கணவர். சாம்பியாவில் எண்டோலா நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணித ஆசிரியர். அறுபத்தேழாம் ஆண்டு மானிப்பாயிலிருந்து மூன்று பேருமாகத்தான் அங்கே போனார்கள். எட்டு வருடம் கழித்துச் சந்திரவதனாவுக்குச் சிட்னியில் தாதி வேலை கிடைத்தபோது, மகள் யோகாவைக் கூட்டிக்கொண்டு அவள் முதலில் வந்தாள். "கொன்ராக்ட் முடிஞ்ச கையோட நானும் வாறன்" என்றார் அரியரத்தினம். அந்தக் கொன்ராக்ட் இந்த எழுபத்தெட்டு மார்கழியோடு முடிகிறது.

இதற்கிடையில் அவளுடைய அவுஸ்திரேலியக் குடியுரிமையும் வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை நகரசபை மண்டபத்தில் நடக்கும் சத்தியப்பிரமாண வைபவத்தில் அவளுடைய பெயரையும் யோகாவின் பெயரையும் வாசிக்கப் போகிறார்கள்.

இந்த நேரத்தில் கணவர் எந்த நாட்டுக்காரர் ஆகிறாராம்?

வரதராஜா எண்டோலாவில் நில அளவையாளராக இருந்தவர். சென்ற மாதம்தான் சிட்னிக்கு வந்தார்; ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னுக்கு வேலைக்குப் போகிறார். அதற்கு முன் அவரைப் பிடித்தாக வேண்டும். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். டூங்கபியில் இருக்கும் அரியரத்தினத்தின் தம்பி சிறிதரன் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹோம்புஷிலிருந்த அவள் வீட்டுக்கு வந்தான்.

சந்திரவதனா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். நண்டு தின்கிற மனிதர் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போக முடியாது. அதை யோசித்துத்தான் விடியவே எழும்பிச் சந்தைக்குப் போயிருந்தாள்.

"அண்ணை, அங்க சரியான தட்டுப்பாடாமே?" என்று தொடங்கினாள்.

"அதை ஏன் கேக்கிறீர் தங்கச்சி! சவர்க்காரத்துக்கு லைன், எண்ணெய்க்கு லைன். ரொடீசியா எல்லையை மூடின நாளில இருந்து ஒழுங்கா ஒரு சாமான் இல்லை."

"எங்கட ஆக்கள் வெளிக்கிடுகினமோ?"

"பாதிப் பேர் போயிட்டினம். நானே வந்திட்டன் பாரும்."

"எல்லாரும் வெளிக்கிடேக்க, இவர் மட்டும் ஏன் அந்த நாட்டுச் சிற்றிசன் ஆகப் போறார்?"

வரதராஜாவின் வாய்க்குப் போன நண்டுக்கால் பாதி வழியில் நின்றது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சிறிதரனுக்குப் புரைக்கேறியது.

"நான் பகிடிக்கு எல்லே சொன்னனான்..."

"அப்பிடியெண்டா அதே பகிடியை இன்னொருக்காச் சொல்லுங்கோ. நானும் சிரிப்பம்."

அவர் சிறிதரனைப் பார்த்தார். சிறிதரன் தன் கோப்பையைப் பார்த்தான். அந்தப் பார்வை சந்திரவதனாவுக்குப் பிடிபட்டது. இவனுக்கும் தெரியும்.

"இதில ஒளிக்க என்ன கிடக்கு?" என்று வரதராஜா கடைசியில் சொன்னார். "ஓம், விண்ணப்பம் போட்டிருக்கிறார். பத்து வருஷம் இருந்தா அங்க கேக்கலாம். ஆள் நல்லவர், கனகாலமாத் தெரியும் எண்டு சாட்சி சொல்ல என்னைக் கேட்டவர். நான் போய்ச் சொன்னனான். ஒஃபிசில இருத்தி வைச்சு விசாரிச்சவங்கள்."

"எப்ப?"

"மாசியில."

மாசி மாதம். பங்குனியில் அவர் தொலைபேசியில் என்ன சொன்னார்? 'எப்ப மார்கழி வரும் எண்டு இருக்குது, சந்திரா.' அவள் அந்தக் குரலை இன்னொருமுறை மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். பொய் சொல்கிற குரலாக அப்போது தெரியவில்லை.

"ஏனாம்?"

"ஹெட்மாஸ்ரர் வேலைக்கு. இனிமேல் அதெல்லாம் தங்கட நாட்டு ஆக்களுக்குத்தான் எண்டிட்டாங்கள். வெளிநாட்டுக்காரருக்கு ரெண்டு வருஷக் கொன்ராக்ட் மட்டும்தான். தகரக் கொட்டிலா இருந்த பள்ளிக்கூடத்தை நிமித்தி எடுத்தவர் அவர். இஞ்ச வந்தா என்ன மரியாதை? போன வருஷம் வந்து நிக்கேக்க, லண்டன் டிகிரியை ஒருத்தனும் திரும்பிப் பாக்கேல்லையே. ரயில்வேயில ரிக்கற் பாக்கிற வேலை கிடக்கு எண்டு ஆரோ சொன்னதை என்னட்டச் சொல்லி எவ்வளவு கவலைப்பட்டவர் தெரியுமோ?"

அப்படிச் சொன்னது சிறிதரன்தான். அவன் தலை இன்னும் குனிந்தது.

சந்திரவதனாவுக்கு இது உண்மையாகத்தான் பட்டது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. முழுப் பொய்யாக இருந்தால் பிடித்து உதறலாம். இது அப்படி இல்லை.

"எங்கட இலங்கைப் பாஸ்போட்?"

"அதைக் குடுத்திட வேணும். ரெண்டு நாட்டுக்கும் சொந்தமா இருக்க அங்க விடமாட்டாங்கள்."

"இப்பவும் நாங்கள் இருந்த அந்தப் பெரிய வீட்டிலயோ இருக்கிறார்?" என்று தெரியாதவள்போலக் கேட்டாள்.

"சாய், அதை எப்பவோ விட்டிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு மேசை. ரெலிபோன்கூட இல்லை."

தொலைபேசியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அதோடு, சென்ற வருடம் கணவர் சொன்னதும் இதே வசனம். ஒரு கட்டில், ஒரு மேசை, ரெலிபோன்கூட இல்லை. அதனால்தான் பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறேன் என்றார். இரண்டு ஆண்கள் ஒரே விஷயத்தை ஒரே சொற்களால் சொன்னால், ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மேசையின் மற்றப் பக்கத்தில் யோகா தன் நண்டைத் தொடவே இல்லை. பதினேழு வயது. இந்த வருடம் கடைசிப் பரீட்சை. நண்டு என்றால் உயிரை விடுவாள். அப்பா வரமாட்டார் என்று பிள்ளை பயந்துவிட்டாள் என்று சந்திரவதனா நினைத்தாள்.

"அங்கிள், அங்க ஜக்கரண்டா பூத்திட்டுதோ?" என்று யோகா திடீரென்று கேட்டாள்.

"நான் வெளிக்கிடேக்க மொட்டு விட்டிருந்தது பிள்ளை. இப்ப றோட்டெல்லாம் ஊதாவாத்தான் கிடக்கும்."

யோகா தலையாட்டினாள். வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் இதை மட்டும் ஏன் தமிழில் கேட்டாள் என்று சந்திரவதனாவின் மனதில் ஒரு கணம் ஓடி மறைந்தது.

வரதராஜா மோரைக் குடித்து முடித்த கையோடு வெளிக்கிட்டார். அவர் படியிறங்கி முன்னால் போக, சந்திரவதனா சிறிதரனைக் கதவடியில் மறித்தாள்.

"தம்பி, உமக்கு எப்ப தெரியும்?"

"சித்திரையில, அண்ணி. உங்களுக்குச் சொல்ல வேண்டாம், தானே நேரில வந்து சொல்லுறன் எண்டு அண்ணா சொன்னவர்."

"வேற என்னத்தைச் சொல்ல வேண்டாம் எண்டவர்?"

"சத்தியமா அவ்வளவுதான் அண்ணி."

"உங்கட குடும்பத்தில சத்தியம் பண்ணுறது இப்ப சரியான மலிவு போல கிடக்கு" என்றாள் அவள். அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

குசினியைக் கழுவினாள். நண்டுக் கோதைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கீழே போட்டாள். கையை எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. பிறகு நடையில் இருந்த தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

எண்டோலாவில் அவர்கள் இருந்த அந்தப் பெரிய வீட்டின் தொலைபேசி இலக்கம் அவளுக்கு மனப்பாடம். அங்கே அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியிலிருந்து இரவில் அழைக்கிற தாதிகளுக்கு எல்லாம் அவளே சொல்லிக் கொடுத்த இலக்கம். இப்போது அங்கே யாரோ புதுக் குடும்பம் இருக்கலாம். அப்படியானால் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடலாம். அவருடைய பேச்சை நம்பலாம். அதற்காகவாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு ஒப்பரேற்றரிடம் இலக்கத்தைக் கொடுத்தாள். லைன் கிடைத்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். யோகா தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அல்லது படிக்கிறாள் என்று சந்திரவதனா நினைத்தாள். வெளியே வெயில் தணிந்து, சென்ட்ரலுக்குப் போகிற ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்து போயின. அங்கே இப்போது காலை நேரம்.

மணி அடித்தது. முதல் அடியிலேயே எடுத்தாள்.

"சிட்னியிலிருந்து அழைப்பு" என்று ஒப்பரேற்றர் சொல்வது கேட்டது. பிறகு கரகரப்பு. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல், இங்கிலீஷில்.

"சிட்னியா? யோகா! நீயா, குழந்தை?"

புதுக் குடியிருப்பாளருக்கு யோகாவின் பெயர் தெரியாது.

இல்லை என்று சொல்லச் சந்திரவதனா வாயெடுத்தாள். சொல்லவில்லை. தொலைபேசியில் தாய்க்கும் மகளுக்கும் ஒரே குரல் என்று சிறிதரன்கூட ஏமாந்திருக்கிறான்.

"ஆம், நான்தான்" என்றாள் இங்கிலீஷில்.

"அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?"

"இன்னும் இல்லை."

"ஐயோ, சொல்லிவிடு. இதற்குமேல் தள்ளிப்போடாதே. உன் அப்பா நேற்றே லுசாகாவுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை சத்தியப்பிரமாணம். உன் பெயரும் சேர்ந்துதான் வந்திருக்கிறது, தெரியுமா? உன் அறைக்கு நாங்கள் நீல நிறம் அடித்து வைத்திருக்கிறோம். அப்பாதான் அது உனக்குப் பிடித்த நிறம் என்றார்."

நாங்கள்.

"நீங்கள்..." என்று சந்திரவதனா தொடங்கினாள். கரகரப்பு பெரிதாகி, லைன் அறுந்தது.

அவள் ரிசீவரை வைத்துவிட்டு எழும்பிப் போய் மகளின் அறைக் கதவைத் திறந்தாள். யோகா கட்டிலில் சும்மா இருந்தாள். புத்தகம் மூடிக் கிடந்தது.

"அப்பா திங்கக்கிழமை லுசாகாவில சத்தியம் எடுக்கிறாராம். உன்ர பேரும் சேர்ந்து வந்திருக்காம்."

யோகாவின் முகம் வெளுத்தது. "ஹூ டோல்ட் யூ?"

"முதல் நீ சொல்லு. தமிழில சொல்லு."

யோகா நேராகத் தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பாவை ஏசாதேங்கோ. நான்தான் கேட்டனான்."

"என்ன?"

"போன வருஷம் அப்பா இஞ்ச வந்து நிக்கேக்க. எனக்குத் திரும்பி வீட்டை போகவேணும் எண்டு சொன்னனான். அங்க மெடிசின் படிக்கலாம். நான் மேஜர் ஆகிறதுக்கு முதலே தன்ர பேரோட சேர்த்துக் கேக்கிறன் எண்டு அப்பா சொன்னவர். உங்களுக்குச் சொன்னா நீங்க விடமாட்டீங்கள்."

"வீடா? எதடி உனக்கு வீடு? நீ பிறந்தது மானிப்பாயில."

"எனக்கு மானிப்பாய் ஞாபகமே இல்லையம்மா. ஆறு வயசில வெளிக்கிட்டனாங்கள். இஞ்ச ஒவ்வொரு நாளும் எந்த நாடு, எந்த நாடு எண்டு கேக்கினம். நான் சாம்பியா எண்டா சிரிக்கினம். அங்க ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேட்டவை. நீ சின்னனா இருந்தபடியா உனக்குக் கேக்கேல்லை. நான் பதில் சொன்னனான்."

யோகாவின் கண் நிறைந்துவிட்டது.

சந்திரவதனா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். "வியாழக்கிழமை நகரசபையில உன்ர பேரை வாசிப்பினம். திங்கக்கிழமை அங்க, வியாழக்கிழமை இஞ்ச. தாய் ஒரு நாட்டுக்கும் தேப்பன் ஒரு நாட்டுக்கும் ஒரு பிள்ளையை எழுதிக் குடுத்திருக்கிறம். உன்னைக் கேக்காமல் நான் எழுதினனான். என்னைக் கேக்காமல் அவர்."

"வியாழனுக்கு முதல் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். சொறி அம்மா."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு கணம் சந்திரவதனாவுக்கு மனம் லேசானது. ஒரு கிழமையாக அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. கணவரை அங்கே பிடித்து வைத்திருப்பது யாரோ ஒருத்தி என்று நினைத்திருந்தாள். இந்தப் பிள்ளைதானா அது? பிள்ளையின் ஆசை என்றால் பேசித் தீர்க்கலாம், சண்டை பிடிக்கலாம், அழலாம்.

ஆனால் அந்த 'நாங்கள்'?

"சரி. ரெலிபோன் எடுத்த மனிசி ஆர்?"

"எந்த மனிசி?"

"பழைய வீட்டில எடுத்தவ. நான் நீ எண்டு நினைச்சுக் கதைச்சவ."

"பழைய வீடா?" யோகா கண்ணைத் துடைத்தாள். "அதை அப்பா விட்டிட்டார் அம்மா. அவருக்கு ஒரு அறைதானே. ஒரு கட்டில், ஒரு மேசை..."

அந்த வசனம் மூன்றாவது வாயிலிருந்து வந்தது.

"உன்ர அறைக்கு நீலப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கினமாம்."

"எனக்கு எந்த அறை? நான் ஹொஸ்ரலில எல்லோ இருக்கப்போறன். அப்பிடித்தான் அப்பா சொன்னவர்." அவள் குரல் மெல்ல இறங்கியது. "நான் வாறது ஒருத்தருக்கும் தெரியாதே. நானும் அப்பாவும் மட்டும்தான்... இது எங்கட ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும் எண்டு சொன்னவர்."

சந்திரவதனா மகளைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது இப்போது குற்றம் செய்த பயம் இல்லை. காலையிலிருந்து தன் முகத்தில் இருந்த அதே பார்வைதான்.

வரதராஜாவுக்கு ஹெட்மாஸ்ரர் பதவி. பிள்ளைக்குப் பிள்ளையின் ஆசை. யாருக்கு எது பொருந்துமோ அந்தக் காரணத்தை அவரவருக்குக் கொடுத்திருக்கிறார் மனிதர். சந்திரவதனாவுக்குச் சொல்ல மட்டும் அவரிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை.

"எனக்காகத்தான் எண்டு சொன்னவர்" என்றாள் யோகா. "இஸ் இற் ஃபோர் மீ, ஓர்..."

முடிக்கவில்லை. எழும்பினாள். நடைக்குப் போய், தாயைக் கேட்காமலேயே ரிசீவரை எடுத்து ஒப்பரேற்றரிடம் அதே இலக்கத்தைத் திரும்பக் கேட்டாள். இருவரும் சுவரோடு சாய்ந்து நின்றார்கள்.

இந்தமுறை லைன் சீக்கிரம் கிடைத்தது.

"நான் யோகா" என்றாள் அவள் இங்கிலீஷில். "முதலில் உங்களோடு பேசியது நான் இல்லை. என் அம்மா."

சந்திரவதனா திடுக்கிட்டாள். அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ரிசீவரில் காதை ஒட்டினாள். அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். அந்தப் பெண் வைத்துவிட்டாள் என்றே நினைத்தாள்.

"நீங்கள் யார்?" என்று யோகா கேட்டாள்.

"ரூத் முலெங்கா" என்றது குரல், மெதுவாக. "உன் அப்பாவின் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அவர் உனக்குச் சொல்லவில்லையா? நீ சம்மதித்துவிட்டதாக... ஒவ்வொரு மாதமும் உன்னுடைய அன்பை அல்லவா எனக்குச் சொல்லுவார்?"

யோகாவின் கை தாயின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. சந்திரவதனா ரிசீவரை வாங்கினாள். தன் சொந்தக் குரலில், வார்டில் நோயாளியோடு பேசுகிற நிதானத்தில் பேசினாள்.

"நான் அரியரத்தினத்தின் மனைவி."

அந்தப் பக்கத்தில் மூச்சு இழுபடுவது கேட்டது.

"அம்மா," என்றாள் ரூத் முலெங்கா, "விவாகரத்துக்கு நீங்கள் போன வருடமே சம்மதித்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குச் சொன்னார். இந்தப் பிரஜாவுரிமை கிடைத்ததும் கலியாணம் என்று சொன்னார். சேர்ச்சில் நாளும் குறித்துவிட்டோம்."

சந்திரவதனா கண்ணை மூடித் திறந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் அந்தப் பெண்தான் விம்மத் தொடங்கியிருந்தாள். எந்த வயதுக்காரியோ, எப்படிப்பட்ட முகமோ, தெரியாது. ஏமாந்தவளின் அழுகை என்று மட்டும் தெரிந்தது.

"ரூத், அழுவதைப் பிறகு பார்ப்போம்" என்றாள். "லைன் எப்போது அறும் என்று தெரியாது. திங்கட்கிழமை எந்த அலுவலகத்தில் சத்தியப்பிரமாணம்? ஆட்சேபனை இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?"

ரூத் அரியரத்தினத்தைக் காப்பாற்றப் போகிறாளா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறாளா என்று சந்திரவதனாவுக்குப் பிடிபடவில்லை. கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பென்சில் இருக்கிறதா?" என்று கேட்டது ரூத் முலெங்காவின் குரல்.

யோகா ஏற்கனவே பென்சிலோடு நின்றாள்.